ஒரு சக்கரம் ராகியில்

எல்லாரும் எஞ்சினைத்தான் கேட்கிறார்கள்.
எட்டு சிலிண்டர், நானூற்றுப் பத்து குதிரை,
வெள்ளத்தில் மூழ்கி ஏலத்துக்கு வந்த
வெளிநாட்டு வண்டியில் இருந்து பிடுங்கியது.
உடம்பு ஃபைபர்.
அறுபது வருடத்துக்கு முந்தைய பந்தயக் காரின் நகல்,
தேசிங்கு கொண்டுவந்த காலண்டர் படத்தை
ஸ்கேல் வைத்து அளந்து வார்த்தோம்.
பின்னால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.
அங்கே தொங்குவது
ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி இழுத்த
பழைய ஜீப்பின் டிப்ரன்சியல்.

அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.
கூடு வார்ப்பிரும்பு, தட்டினால் கோயில் மணி.
கிரவுன் பல்லில் நீல மை பூசிச் சுற்றினேன்,
தடம் நடுப்பல்லில் விழுந்தது,
துவரம்பருப்பு அகலம்.
பல்லுக்கும் பல்லுக்கும் இடையே
இரண்டு தலைமுடி நுழையலாம், மூன்றாவது நுழையாது.
"கிரவுன் தாங்கும், பினியன் தாங்கும்" என்றான் அல்தாப்,
"உள்ளே இருக்கிற அந்த ரெண்டு சின்னதுங்கதான்..."
முடிக்காமல் டீ வாங்கப் போய்விட்டான்.

அந்த ரெண்டு சின்னப் பல்,
அவற்றைக் கோத்திருக்கும் சுண்டுவிரல் மொத்தத் தண்டு.
நேர்ச்சாலையில் வேலை இல்லை.
வளைவில் வெளிச்சக்கரம் கூடுதலாக ஓட
உள்சக்கரம் பின்தங்க
கணக்கைச் சரிக்கட்டுவது அவைதான்.
ஒரே ஒரு கெட்ட குணம்:
எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லையோ
அதற்கே சுழற்சியை எல்லாம் அள்ளிக் கொடுக்கும்.
கருணை என்று சொல்லலாம்.
டோக்கன் அட்வான்ஸ் வாங்கிய மெக்கானிக் சொல்ல முடியாது.

மார்கழி, காலை ஆறரை, வேப்பனப்பள்ளி சாலை.
இரண்டாவது கியரில் என் வயிறு சீட்டில் ஒட்டியது.
மூன்றாவதில் தேசிங்கு சிரித்தான்.
பாலத்தைத் தாண்டித் திரும்பினால்
பாதிச் சாலைக்கு ராகிக் கதிர்.
நிறுத்தினோம். இடச்சக்கரம் கதிரில், வலது தாரில்.
மெதுவாக எடு என்றேன்.
அவன் காலுக்குக் காது இல்லை.

இடது மட்டும் சுழன்றது,
மட்கார்டுக்குள் மணி பொரிந்தது,
வைக்கோல் விலகி ரப்பர் தாரைத் தொட்ட நொடி
ஒரு சத்தம்.
வெடி மாதிரி என்றால் பொய்.
பல்லிடுக்கில் கல் கடிபட்ட மாதிரி, அவ்வளவுதான்.
எஞ்சின் கத்திக்கொண்டே இருந்தது,
வண்டிக்கு அது யாரோ.

துடைப்பத்தோடு கெம்பம்மா வந்தார்,
குனிந்து கதிரைத் திருப்பிப் பார்த்தார்.
"இந்த ஓரம் சுத்தமா உதிர்ந்திருச்சு சாமி,
அந்த ஓரமும் ஒரு சுத்து ஓட்டு."

சாயங்காலம் எண்ணெய் இறக்கினோம்.
கிரவுன் பல்லிடுக்கில் என் நீலம் அப்படியே.
தண்டு மூன்று துண்டு.
"பெருசா ஒண்ணு போட்டா?" என்றான் தேசிங்கு.
போடலாம். அப்புறம் ஆக்சில் உடையும்.
அதையும் மாத்தினா கியர்பாக்ஸ்.
எங்கே உடையணும்னு நீயே சொல்லு,
அங்கே உடையற மாதிரி கட்டித் தர்றேன்.

அவன் யோசிக்கட்டும் என்று
இடப்பக்க டிரம்மைக் கழற்றினேன்.
உள்ளே ஒரு கை ராகி, உமி இல்லாமல்.
அல்தாப் ஊதிப் பார்த்து
டீ கிளாஸில் கொட்டி மூடி வைத்தான்.
நாளைக்கு அந்தப் பக்கம்தான் போகிறான்.