குடிக்கிற கணக்கு

ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர்.
கொப்பியில் எழுதி இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்.
கணக்கில் பிழையில்லை, காரில்தான்.

பின்சீற்றில் தவராணி அக்காவிடமும் ஒரு கொப்பி.
செவ்வாயும் வெள்ளியும் பெரியகல்லாற்றில் ஏற்றி
மட்டக்களப்பு ஆசுபத்திரியில் இறக்குவேன்,
அவவுக்கு இரத்தம் கழுவ.
நாளுக்கு எழுநூறு மில்லி,
மேலே ஒரு மிடறும் கூடாது.
தேத்தண்ணி, சொதி, குளிசை விழுங்கின தண்ணி
எல்லாம் அதற்குள் அடக்கம்.
பெற்றோல் செட்டில் நான் ஒயில் ஊற்றுவதைப் பார்த்து
"குடுத்து வச்ச கார் கா" என்றா,
"கேக்கக் கேக்க ஊத்துறாய்."

சந்தியில் ஆளுக்கொரு தீர்ப்பு.
எஞ்சின் முடிஞ்சுது, வித்துப்போடு.
தடிச்ச ஒயில் விடு.
போர் அடி, ரிங் மாத்து, மூண்டு லட்சம் வை.
ஒருவரும் பொனெற்றைத் திறக்கவில்லை.

திறந்தவன் மருதமுனை நிஸ்பர்.
திறந்தும் தொடாமல் கேட்டான்:
"எப்ப பொகையிது?"

எப்ப?
புகை என்றால் புகை என்றிருந்தேன்.
"பாத்துட்டு வாங்க. ராவைக்கி அடியில
காட்போட் மட்டை ஒண்டு விரிங்க."

விடிய மட்டையில் பூனை படுத்த தடம் மட்டும்.
வெளியே ஒழுகாதது உள்ளேதான் எரிகிறது.
சாவி திருப்பினதும் ஒரு கொத்து நீலம், பிறகு இல்லை.
ஓந்தாச்சிமடப் பாலம் இறங்கையில் காலை எடுத்து
மீண்டும் மிதித்த நொடி
பின்னால் வந்த ஓட்டோக்காரன் மூக்கைப் பொத்தினான்.
ஆரையம்பதி நேர் றோட்டில் எவ்வளவு மிதித்தும்
ஒன்றுமில்லை.
ஆசுபத்திரி வாசலில் நாலு மணித்தியாலம் நின்று கிளம்ப
திரும்பவும் நீலம்.
அக்கா தன் கொப்பியின் கடைசி ஒற்றையைக் கிழித்துத் தந்தா:
பாலம். நீலம். 6.10.

அந்தத் துண்டை நிஸ்பர்
ஸ்கேன் றிப்போட்டைப் போல வெளிச்சத்தில் பிடித்து வாசித்தான்.
பிளக் நாலும் கழன்றன. மூன்றாவது ஈரக் கரி.
எஞ்சின் மூச்சுவிடும் சின்ன வால்வைக்
காதோரம் வைத்துக் குலுக்கினான்.
கிலுங்க வேணும். கிலுங்கவில்லை.
இவ்வளவுதானா என்று சிரித்தபடி
புதுசு போட்டு அறுநூறு ஓடினேன்.
அரை லீற்றர் காணவில்லை.
கொஞ்சம் திருந்தின குடிகாரன்.

பிறகு அமுக்கம் அளந்தான்.
நூற்று எழுபது, எழுபத்தைந்து, அறுபத்தெட்டு, எழுபத்திரண்டு.
மூன்றாவதற்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி.
முள் பாய்ந்து ஏறினால் ரிங்.
என் மூன்று லட்சமும் அந்த முள்ளின் நுனியில்.
மூன்று புள்ளி அசைந்து நின்றது.

"ரிங் நல்லம். மேல வால்வு சீல் காஞ்சிட்டு,
நிக்கக்குள்ள தண்டு வழியா வடியிது."

ஹெட்டை இறக்கவில்லை.
வலைக்காரரின் நைலோன் கயிறு ஒன்றை
பிளக் துளையால் முழம் முழமாய் உள்ளே விட்டு
கிராங்கைத் திருப்ப, பிஸ்டன் எழும்பிக்
கயிற்றை மெத்தையாய் அமுக்கி
வால்வுகளை விழாமல் தாங்கியது.
பழைய சீல் பதினாறும் புளியங்கொட்டை.
நகத்தால் சுண்ட, டக் என்றன.

பத்தாவதில், அரைப் பயறளவு லொக் ஒன்று தெறித்தது.
இஷா பாங்கு சொல்லியும்
காந்தத்தால் மண்ணைத் துழாவிக்கொண்டிருந்தோம்.
உள்ளே விழுந்திருந்தால் என்று
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
அவனுடைய சாரன் மடிப்புக்குள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை. பாலம்.
காலை எடுத்தேன், மிதித்தேன்.
அக்கா உடம்பை முழுசாகத் திருப்பிப்
பின்கண்ணாடியால் பார்த்தா.
"ஒண்டுமில்ல கா."
பேனை கேட்டு அதையும் எழுதினா.

ஆயிரம் முடிந்த அன்று ஒயில் கம்பியைத் துடைத்து,
விட்டு, இழுத்தேன்.
கோட்டுக்குக் கீழே ஒரு நகக்கண்.
அவ்வளவு எல்லா எஞ்சினும் குடிக்கும்,
நிஸ்பர் சொல்லியிருந்தான்.

அன்றைக்கு அக்காவின் கணக்கில்
ஐம்பது மில்லி கூட.
"வெயில் கா" என்றா.

இத்தனை மாதம் புகை பார்க்கச் சரித்து வைத்திருந்த
உள்கண்ணாடியில்
அவவின் வாய் தெரிந்தது, உதடு காய்ந்து.
றோட்டுக்குத் திருப்பி வைத்தேன்.