ஏறுமா

நூற்றிருபது நொடி கெடு.
நூற்று முப்பத்தொன்றில்
கடைசிக் கட்டையைத் திருப்பி வைத்தான் ஏசுபாலன்.
சிவப்பும் வெள்ளையும் படத்தில் உள்ளபடியே.
நிமிர்ந்து பார்த்தான்.
அதற்குள் நான் சுழியம் போட்டிருந்தேன்.

வில்சன் கார்டனில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில்
பதினோரு வருடமாய் இதுதான் வேலை.
சபாஷ் சொல்லக் கூடாது. தப்பு என்றும் சொல்லக் கூடாது.
காலையில் வந்ததும் முகத்தைக் கழற்றிக்
கைப்பையில் வைத்துவிட வேண்டும்.

வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ்.
எதில் கேட்டாலும் இன்னொன்றுக்குள் போய்
தேடிவிட்டுத்தான் திரும்புவான் பையன்.
கடிகாரத்துக்கு ஒரே மொழி.

"குடைன்னா என்ன?"
"அம்மாவோடது. கம்பி ஒடஞ்சது."
ஒரு மதிப்பெண். இரண்டு தர விதியில்லை.

அறிக்கையில் எழுபத்து நான்கு என்று வந்தது.
"நூத்துக்கு எழுபத்தி நாலா!
மிஸ்ஸு இவன முட்டைன்னாங்களே மேடம்"
அருள்மேரியின் கண்ணில் அப்படியொரு வெளிச்சம்.
அரை நாள் கூலியை விட்டுவிட்டு
ஸ்ரீராமபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள்.
"அது அப்படி இல்லைம்மா" என்று தொடங்கும் வாக்கியம்
என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும்.
வெளியே மெட்ரோவுக்குத் துளை போட ஆரம்பித்தார்கள்.
நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.
நின்றது. சொன்னேன்.

பஸ் டிக்கெட்டை நான்காய், எட்டாய் மடித்தாள்.
"இது ஏறுமா?"

காய்ச்சல் இறங்குமா என்று கேட்கிற அதே குரல்.
கணக்கு உனக்கு ஏறாது என்று
இரண்டு தடவை தோற்ற வருடத்தில்
எனக்கும் சொல்லியிருக்கிறார்கள்.
ஏறாத கணக்கை வைத்துத்தான்
இன்று ஊர்ப்பிள்ளைகளை அளக்கிறேன்.
அதை அவளிடம் சொல்லவில்லை.
"பார்க்கலாம்" என்றேன்.
எங்கள் தொழிலின் குடை அந்தச் சொல்.
கம்பி ஒடஞ்சது.

பதினான்கு மாதம் கழித்து மறுபடி வந்தார்கள்.
சலுகைத் தாளைப் புதுப்பிக்க வேண்டுமாம்.
அதே மேசை, அதே படம், அதே கட்டைகள்.
நாற்பத்தெட்டு நொடி.

அருள்மேரி சொன்னாள், குற்றம் ஒப்புக்கொள்வதுபோல்:
"கம்பெனில மிஞ்சுற துணிய
சதுரமா வெட்டி ஓரம் தச்சுக் குடுத்தேன் மேடம்.
ராத்திரி தரையில பரப்பி
அடுக்கிட்டே இருப்பான், கரண்ட் போனாலும்.
நடுவுல செவப்புக்கு ஆர்டர் இல்ல,
மெரூன்தான் கெடச்சுது.
தப்பா?"

கையேட்டில் ஒரு பக்கம் இருக்கிறது.
முன்பு பார்த்த பிள்ளைக்கு எண் கூடும்,
அது பயிற்சி விளைவு, கழித்துப் படிக்கவும்.
புதிதாய்ச் சேர்பவர்களுக்கு
ஒரே மூச்சில் சொல்லித் தருவேன் இதை.
கற்றுக்கொண்டதைக் கழித்துவிட்டுப்
பிள்ளையிடம் மீதம் என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும்.
இன்று மூச்சு நடுவில் நின்றது.
கழிக்கத்தான் போகிறேன், வேறு என்ன செய்ய.
பென்சிலைச் சீவினேன். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

"மேடம், இந்தக் கட்டைக்கு மட்டும் மூலை தேஞ்சிருக்கு.
போன தடவையும் கடேசியா
இதுதான் எனக்கு வந்துச்சு."

ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.
ஆமாம்.
நகக்கண் அளவுக்கு வெள்ளை போய் மரம் தெரிந்தது.
பதினோரு வருடம், எத்தனை நூறு விரல்கள்.
நான் பார்த்ததில்லை.

பிற கவனிப்புகள் என்று கடைசியில் ஒரு கட்டம் உண்டு.
யாரும் படிப்பதில்லை.
அதில் எழுதினேன். இடம் போதாமல்
தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினேன்.

அருள்மேரி கதவருகே நின்றாள்.
இரண்டு மணிக்குள் மெஷினில் உட்கார வேண்டும்.
"ஏறிச்சா மேடம்?"

கைப்பையைத் திறந்து
என் முகத்தைத் தேடினேன்.