ஈர்க்கு அளவு

மூன்று பேராகப் புறக்கோட்டைக்குப் போனால்
பஸ் காசு, தண்ணீர்ப் போத்தல்,
ஆளுக்கொரு ஐஸ்பழம்,
நடுவில் ஒன்றுக்கு வந்தால் அதற்கும் ஒரு காசு.
ஆகவே கால்களை மட்டக்குளியில் விட்டுவிட்டு
நீளத்தை மட்டும் கொண்டுபோவேன்.

விளக்குமாற்றில் இரண்டு ஈர்க்கு உருவி,
குதிகால் சுவரோடு ஒட்ட நிற்கவைத்து,
பெருவிரல் முடிகிற இடத்தில் முறிப்பது.
நீளமானது லக்‌ஷிகா. குட்டையானது யதுர்.
கைப்பைக்குள் சீப்புக்குப் பக்கத்தில்
என் பிள்ளைகள் இரண்டு குச்சியாய்ப் படுத்திருப்பார்கள்.

துறைமுகத்தில் ஓவர்டைம் இல்லை
என்று அவர் சொல்லி இரண்டாவது மாதம்.
சீஆர் கொப்பியின் கடைசிப் பக்கம்:
வெள்ளைச் சப்பாத்து இரண்டு சோடி.
மேசு நாலு.
களிசான் ஒன்று (இரண்டு என்று எழுதி வெட்டியது).
லக்‌ஷிகாவின் கவுன் வாங்கத் தேவையில்லை.
முதல் வருடம் நாலு அங்குலம் உள்ளே மடித்துத் தைத்தேன்,
போன வருடம் இரண்டு அவிழ்த்தேன்,
இன்னும் இரண்டு இருக்கிறது.
எந்த வங்கியும் அறியாத என் சேமிப்பு
அவள் முழங்காலைச் சுற்றி நடக்கிறது.
நீலம் போட்டும் போகாத பழைய மடிப்புக் கோடுதான்
அதன் பாஸ்புத்தகம்.

சப்பாத்துக் கணக்கு வேறு மாதிரி.
பதின்மூன்று வரைக்கும் சின்னப்பிள்ளை விலை.
பதின்மூன்றுக்குப் பிறகு ஒன்று.
இலக்கம் திரும்ப முதலில் இருந்து தொடங்கும்,
விலை அப்படித் தொடங்காது.
'இவளுக்குப் பதின்மூன்று காணுமெண்டால்
இந்த மாதம் தப்பிடலாம்'
என்று இரவு அவரிடம் சொன்னேன்.
பிள்ளைகள் நித்திரை என்று நினைத்துத்தான் சொன்னேன்.

கடை நானா ஈர்க்கைச் சப்பாத்துக்குள் விட்டுப் பார்த்தார்.
'பதிமூணு அளவா இருக்கு தங்கச்சி.'
எனக்கு நம்ப முடியவில்லை.
நானூற்றைம்பது ரூபா மிச்சம்.
வெயிலில் நின்று, தனியாக,
ஒரு ஐஸ்பழம் சாப்பிட்டேன்.
அதைக் கொப்பியில் எழுதவில்லை.

வீட்டில் சப்பாத்து ஏறவில்லை.
'போகுது அம்மா, போகுது' என்றாள்,
குதிகாலைத் தரையில் இடித்து இடித்து.
'நோகல்ல' என்றாள், கேட்கும் முன்பே.
ஈர்க்கை எடுத்து அவள் பாதத்தோடு வைத்தேன்.
அது நகம் தொடங்குமுன்னே முடிந்துவிட்டது.

அவள் சுவரைப் பார்த்தாள்.
யதுர்தான் சொன்னான்:
'அக்கா வெரல மடிச்சிக்கிட்டு நின்டா.
என்னையும் மடிக்கச் சொன்னா.
எனக்கு வரல்ல.'

எட்டு வயது.
கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியாது என்று
டீச்சர் சிவப்பில் எழுதி அனுப்பிய பிள்ளை.

நான் அடிக்கவும் இல்லை, அழவும் இல்லை.
கொப்பியை எடுத்து
விலை வித்தியாசம் எழுதினேன்,
மறுபடியும் போய்வர பஸ் காசு எழுதினேன்,
பிறகு ஐஸ்பழத்தையும் எழுதினேன்.
எட்டிப் பார்த்தவள் கேட்டாள்,
'எத்தனை ஐஸ்பழம்?'
'ஒண்டு.'
ஒன்றும் சொல்லவில்லை.

புதிய ஈர்க்கு.
அதே சுவர்.
இந்த முறை நிற்கவைக்கவில்லை, இருத்தினேன்.
வலது காலை மடியில் எடுத்து
உள்ளங்காலில் ஒரு விரலால் கிச்சுகிச்சு மூட்டினேன்.
பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்,
முடியவில்லை, வெடித்துச் சிரித்தாள்,
ஐந்து விரலும் விசிறியாய் விரிந்தன.
அந்த இடம் பார்த்து முறித்தேன்.

பிறகு யோசித்துவிட்டு
அதை எறிந்து, இன்னொன்று உருவி,
அரை அங்குலம் கூட்டி முறித்தேன்.
அடுத்த தவணை வரைக்குமாவது வளரட்டும்.