மூன்று நிமிடம் ஓடவிட்டு

சோதனை வாசலுக்கு உட்புறம் மூன்று குழாய்கள்.
என் படிவத்தில் அவற்றுக்கு எண்தான் பெயர்:
பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.
காலாண்டுக்கு ஒருதடவை வருவேன்
குளிர்ப்பெட்டியும் சின்னத் தீக்குழலுமாய்.
தீக்குழல் அவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசு.
கடிதம் காட்டவேணும், எங்கேயோ போன் போகும்,
பராமரிப்பு எக்லே சாவிக்கொத்துச் சத்தத்தோடு வந்து
"தண்ணிக்காரி, விடுங்கோ" என்பார்.

ஃப்ரீட்ரிஷ்ஹாஃபனில் கார்த்திகை மாதம்
விமானம் வராது, மூடுபனி வரும்.
அன்றைக்குப் பிரிஸ்டினா போக வந்தவர்கள்
நாலு மணித்தியாலமாய்க் கண்ணாடிச் சுவரைப் பார்த்திருந்தார்கள்.
அதில் அவர்களே தெரிந்தார்கள்.
கோப்பிக்கடைத் தகரம் இறங்கிவிட்டது,
கடைப்பிள்ளைக்கு ஆறு ஐம்பதுக்குக் கடைசி பஸ்.
தானியங்கிப் பெட்டியில் ஒரேயொரு தண்ணிப் போத்தல்
கம்பிச்சுருளில் கால் சிக்கி
கண்ணாடியில் நெற்றி முட்டியபடி.
யாரோ அதற்குக் காசு கட்டியிருக்கிறார்.
போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு குத்து விட்டுப் பார்த்தார்கள்.
அது அசையவில்லை.

வாசலுக்கு அந்தப்பக்கம் ஒரு தொட்டி நிறைய
பாதி குடித்த போத்தல்கள். அவர்களே எறிந்தவை.
இன்னும் கொஞ்சத் தூரத்தில், பனிக்குள்,
நாற்பது லட்சம் பேர் குடிக்கிற ஏரி.

பன்னிரண்டாம் இலக்கம் பெண்கள் கழிவறை, சன்னல் பக்கம்.
கையைக் கண்டால் ஓடும்,
நாலு விநாடியில் மறந்துபோகும்.
கீழே போத்தல் நிமிர்ந்து நிற்க இடமில்லை.
மேலே ஒரு ஸ்டிக்கர்: குவளை, குறுக்கே சிவப்புக் கோடு.
மூன்று வருடமாய் இந்தத் தண்ணீருக்குக்
குறையில்லை என்று கையெழுத்து வைப்பவள் நான்.
ஸ்டிக்கரை ஒட்டினது யார் என்று எக்லேயைக் கேட்டேன்.
கண்ணாடியோடு வந்தது என்றார்.
கிழிக்க எனக்கு அதிகாரமில்லை.
என் அதிகாரம் கால் லீற்றர்.

விதி இது: வலைமூடியைக் கழற்று. நுனியைச் சுடு.
வெப்பமானி ஓரெண்ணில் நிற்கும்வரை ஓடவிடு.
பிறகுதான் மாதிரி.
ஓடிப்போகிற தண்ணீரைப் பற்றி விதிக்குப் பேச்சில்லை.
மூன்று நிமிடம் கையை ஆட்டிக்கொண்டு நிற்பேன்
யாரையோ வழியனுப்புகிறவள் மாதிரி.

அப்போதுதான் அவள் வந்தாள்.
ஒரு கையில் வெள்ளைக் குளிசை, மறுகையில் காலிப் போத்தல்.
ஸ்டிக்கரைப் பார்த்தாள், என் கையுறையைப் பார்த்தாள்,
ஓடுகிறதைப் பார்த்தாள்.
"குடிக்கலாமா?"

எத்தனையோ பேர் என்னிடம் அறிக்கை கேட்டிருக்கிறார்கள்,
திகதி கேட்டிருக்கிறார்கள்.
இதை ஒருவரும் கேட்டதில்லை.
சட்டப்படி பதில்: முடிவு வர இரண்டு நாள்.
"சரித்துப் பிடியுங்கோ" என்றேன்.

வலைமூடி இல்லாத குழாயில் தண்ணீர் கயிறாய் இறங்கியது.
விழுங்கினாள். கழுத்தை உயர்த்தி இன்னொரு மிடறு.
பெயர் வியோசா என்றாள், ஒரு ஆற்றின் பெயராம்.
வெளியே போய் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள்.

பால்புட்டி வந்தது, கோப்பிக் கோப்பை வந்தது,
தெர்மோஸ் மூடியோடு ஒரு கிழவனின் கை
கதவிடுக்கால் வந்தது, ஆள் வெட்கத்தோடு வெளியே.
எனக்குத் தோள் நொந்தபோது
ஒரு சின்னப் பெட்டை கையாட்டும் வேலையை எடுத்துக்கொண்டாள்.
வெப்பமானி எப்போதோ நின்றுவிட்டது,
பதினொன்று தசம் நாலு.

இத்தனை கை பட்ட குழாய்.
எல்லாரையும் விலகச் சொல்லி
நுனியைத் திரும்பச் சுட்டேன்.
நீல நெருப்புக்குச் சனம் கைதட்டியது.

நிறம் இல்லை. கலங்கல் இல்லை. மணம் இல்லை.
ஓடவிட்ட நேரம்: பதினேழு நிமிடம்.
மேலாளர் கேட்பார். கேட்கட்டும்.
ஸ்டிக்கரில் ஒரு மூலை ஈரத்தில் எழும்பியிருந்தது.
அமுக்கிவிடவில்லை.

வெளியே வரும்போது அந்தப் போத்தல் இன்னும்
நெற்றி முட்டியபடியே நின்றது.
நானும் ஒரு குத்து விட்டேன்.