எடைமேடை

பகாவ் செம்பனை மில் வாசலில் எனக்கு வேலை.
குலையோடு வரும் லோரிக்கு ஓர் எடை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை,
கழித்தால் பழம்.
பதினொரு வருஷமாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம்
வலக்காதில் போனை வைத்தேன். லைன் செத்திருந்தது.
இடக்காதுக்கு மாற்றினால்
லிம் கத்திக்கொண்டிருக்கிறான்:
லோகா, தூங்கிட்டியா?

சிரம்பானில் குழாய்க்குள் படுக்கவைத்தார்கள்.
டாக்டர் நோராசிக்கின் திரையைத் திருப்பிக் காட்டினார்.
நரம்பின் உறையில், இரண்டு பக்கமும்,
ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி
வெள்ளையாய்.
புற்று இல்லை. முதலில் அதைத்தான் சொன்னார்.
பிறகு கேட்டார்:
வீட்டில் வேறு யாருக்காவது
காது மந்தம், நடையில் தள்ளாட்டம்?

அப்பா
சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் போவார், ஏற மாட்டார்.
இருட்டிவிட்டால் வேலிக்கம்பியில் கையைத் தேய்த்தபடி வருவார்.
கிராணி கூப்பிட்டால் திரும்ப மாட்டார்.
சம்சு என்றார்கள்.
காலங்காத்தாலயேவா என்றார்கள்.
கழற்றிப் போட்ட சட்டையை அம்மா முகர்ந்து பார்ப்பாள்.
நானும் முகர்ந்திருக்கிறேன்.
கித்தாப்பால் வாடை, வியர்வை, வேறொன்றும் இல்லை.
மூக்கை நம்பாமல் ஊரை நம்பினோம்.
அவர் பாலத்திலிருந்து விழுந்த அன்று
டிரசர் புத்தகத்தில் ஒரே ஒரு சொல்:
போதை.

காலை நேராக வைப்பது
காதுக்குள் இருக்கும் ஒன்று என்று
நாற்பத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன்.
படத்தை அம்மாவிடம் கொடுத்தேன்.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.
அப்புறம், பழக்கம் போல, அதை முகர்ந்தாள்.

கவினேஷுக்குப் பதினாறு.
பாதிக்குப் பாதி என்றார் டாக்டர்,
ஒரு சின்னக் குழாய் ரத்தம் போதும்.
எங்கள் மேடை பத்து கிலோவுக்குக் குறைந்து எதையும் காட்டாது.
கடலையளவு சமாச்சாரம் அதற்குத் தெரியாது.
"சனிக்கிழமை ஃபுட்சால் இருக்கும்மா,
அப்புறம் பாக்கலாம்" என்றான்.

இன்று சோறு கொண்டுவந்தவன்
காலியாய்க் கிடந்த மேடையில் ஏறி
ஒற்றைக்காலில் நின்றான், கண்ணை மூடி.
ஆஸ்பத்திரியில் என்னையும் அப்படி நிற்கச் சொன்னார்கள்.
நான்கு எண்ணுவதற்குள் நர்ஸ் தாங்கிப் பிடித்தாள்.
இவனிடம் அதைச் சொன்னதில்லை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
வாய்க்குள்ளேயே எண்ணினேன்.
பதினெட்டு. பத்தொன்பது.
இருபத்து மூன்றில் கண்ணைத் திறந்து
அவசரமாகக் கீழே குதித்தான்.

எட்டிப் பார்த்தேன்.
வலப்பக்கம் ஒரு லோரி,
டிரைவரின் கை ஹார்னில்.
எவ்வளவு நேரமாக அடித்துக்கொண்டிருந்தானோ.

அவனுக்குக் கேட்டிருக்கிறது.