மேற்படி மூவரும்

முதலாமவள் பிறந்தது பதுளை ஆஸ்பத்திரியில்.
பதிவாளர் தன் காதில் விழுந்ததை எழுதினார்:
குலலினி.
வரும் வழியில் ழகரம் எங்கோ இறங்கிவிட்டது.

இரண்டாமவள் அடையாள அட்டையில்,
குலாலினி.
பதினாறு வயது.
நாடியை நிமிர்த்தச் சொன்ன ஸ்டூடியோக்காரனை
இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாமவள் உயர்தரப் பெறுபேற்றுத் தாளில்.
இவளுக்கு மட்டும்தான் ழ உண்டு,
இசட்டும் எச்சும் கைபிடித்துக் கூட்டி வந்த ழ:
குழலினி.
அதே இசட், புள்ளியாக வந்தபோது
தசமத்துக்குப் பின் மூன்றாம் இடத்தில்
என் காலை வாரியது.

பல்கலைக்கழகம் பணிவாகக் கேட்கிறது,
இவர்களில் விண்ணப்பிப்பவர் யார்?

புதுக்கடை.
வெயிலுக்குக் குடை கட்டிய தட்டச்சு மேசை.
கஃபூர் ஜே.பி. கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"மூணும் நீங்கதானே மகள்?"
ஓம் என்றேன்.
பொய் சொல்லும்போது வருகிற குரல் வந்தது.
மேற்படி மூவரும் ஒரே ஆள் என
இத்தால் உறுதியுரைக்கிறேன்.
முத்திரைக் காசு தனி.

அடுத்தது குடும்பப் பெயர்.
சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்,
வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
எங்களிடம் குடும்பம் இருக்கிறது,
அதற்கென்று ஒரு பெயர் இல்லை.
அப்பாவை எடுத்து அங்கே வைத்தேன்.
அருளம்பலம்.

கட்டணம் அறுபது பவுண்.
அம்மா மீன் வெட்டின கையோடு குசினியால் வந்தா.
"அறுபது பவுணோ?
என்ர தாலிக்கொடியே ஏழுதானே!"
காசுப் பவுண் அம்மா, நகைப் பவுண் இல்லை.
கல்குலேட்டரில் பெருக்கிக் காட்டினேன்.
"அதைத் திருப்பித் தருவினமோ?"
அப்பா கேட்டது அது ஒன்றுதான்.
என் வங்கி அட்டை கடல் தாண்டாது.
ஃபஸ்மினாவின் நானா தன் கிரெடிட் கார்டைத் தந்தார்,
பின்பக்கத்து மூன்று இலக்கத்தை
பெருவிரலால் மறைத்தபடி, பிறகு சிரித்து, விரலை எடுத்தபடி.

கல்வியில் இடைவெளி இருப்பின்
நூறு சொற்களுக்குள் விளக்குக.

ஆமர் வீதி பார்மசியில் இரண்டு வருடம் வேலை செய்தேன்.
ஏழு சொல்லில் முடிந்துவிட்டது.
மிச்சத்துக்கு என்ன எழுத?
மாத்திரை அட்டையை வெட்ட
எனக்கென்று ஒரு கத்தரிக்கோல் இருந்தது.
பத்துக் கேட்டவர்கள் ஐந்து கேட்டார்கள்,
ஐந்து கேட்டவர்கள் இன்றைக்கு மட்டும் தாங்கோ என்றார்கள்.
விலையைக் கேட்டுவிட்டு
வீட்டில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று
ஒரு மனிதர் துண்டைத் திருப்பி வாங்கினார்.
அந்தத் துண்டில் தேதி மூன்று மாதம் பழையது.
அதனால்தான் மருந்தியல் படிக்கக் கேட்கிறேன்,
அதனால்தான் என்பதும் முழுக்கச் சரியில்லை,
எனக்கு இந்த வீதியை விட்டு ஒருமுறை
தூரப் போய்ப் பார்க்கவும் ஆசை.

ஃபஸ்மினா வாசித்தாள்.
கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு
"வாடிக்கையாளர் சேவையில் அனுபவம்" என்று தட்டினாள்.
நான் கத்தரிக்கோலை மட்டும் திரும்ப வைத்தேன்.

கடைசித் தேதி, அவர்களுடைய நள்ளிரவு.
கொட்டாஞ்சேனையில் அது காலை ஐந்தரை.
நாலு மணிக்கு வைஃபை செத்தது.
போனில் டேட்டா போட்டு, மொட்டை மாடிக்கு ஏறி,
தண்ணீர்த் தாங்கியோடு சாய்ந்து நின்றேன்.
துறைமுகத்தில் ஒரு கிரேன்
யாருடைய பெட்டியையோ தூக்கி
வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தது.
சத்தியக்கடதாசி எண்பது வீதம்.
பாங்கு சொன்னது. தொண்ணூறு.
கீழே அப்பா பல் தீட்டும் சத்தம்,
ஹார்ட்வெயார் கடையை ஏழுக்குத் திறக்கவேண்டும்.
ஐந்து பன்னிரண்டு. போய்விட்டது.

உடனேயே பதில் வந்தது, இயந்திரம் எழுதியது.
படியிறங்கி வந்து வாசித்துக் காட்டினேன்,
"அன்புள்ள செல்வி அருளம்பலம்..."

அப்பா வாயில் நுரையோடு நிமிர்ந்தார்.
"எனக்கோ?"