உப்பிட்டவள்

மறுபடி சேர்த்துக்கொள்ள
முந்நூறு சொல்லில் ஒரு கடிதம் கேட்டார்கள்:
என்ன நடந்தது, இனி என்ன மாறும்.
நான் எழுதியது இருநூற்றுப் பதினொன்று.
எழுதாத எண்பத்தொன்பதில்
உண்மை இருந்தது.

உண்மை பெரிதாக ஒன்றுமில்லை.
யாரும் சாகவில்லை. நோய் நொடி கிடையாது.
பணமுடை எல்லோருக்கும் உள்ளதுதான்.
அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை
எழுந்திருக்கவில்லை.
புதன் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

ஒன்று புள்ளி நான்கு என்று மின்னஞ்சல் வந்தபோது
அம்மா பைன் மரத்துக்கு விளக்குச் சரம் சுற்றிக்கொண்டிருந்தாள்.
ஒரு முனை என் கையில்.
"இழுத்துப் பிடி டெஸ்ஸா, தொய்யுது" என்றாள்.
பிடித்தேன்.

ஜனவரி முழுக்கப் பையை மாட்டிக்கொண்டு
ஏழரைக்குக் கிளம்பினேன்.
ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி
இன்ஜினை அணைக்காமல்
உறைந்த சுப்பீரியரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்,
மூன்று மணி வரை.
பொய் சொல்வதற்குக்கூட
பெட்ரோல் போட வேண்டியிருந்தது.

அதனால்தான் பனி அள்ளும் குழுவில் சேர்ந்தேன்.
ஒப்பந்தம் எந்த இடத்துக்கு என்று
முதல் நாள் வேனில் ஏறிய பிறகுதான் சொன்னார்கள்.
சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

என்னை வெளியே அனுப்பிய கல்லூரிக்குள்
தினமும் விடியற்காலை நாலு மணிக்கு
முன்வாசல் வழியாகவே போனேன்,
ஆரஞ்சுச் சட்டையில், வாளியோடு.
ஆர்லோ ஹெய்க்கினென் கலப்பை வண்டி ஓட்டுவான்.
படிகள் என் பொறுப்பு.
அறிவியல் கட்டடத்தின் மேற்கு வாசலில்
மூன்றாவது படி கொஞ்சம் சாய்வு;
தண்ணீர் தேங்கி, கண்ணாடியாகிவிடும்.
அதற்கு மட்டும் இரண்டு கை.

எட்டு மணிக்கு அவர்கள் வருவார்கள்,
காதில் பாட்டு, கையில் காப்பி,
பாதி தூக்கம்.
ஒருவரும் வழுக்கவில்லை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
நினைக்காமல் நடந்து போனார்களே,
அதுதான் என் வேலைக்குக் கிடைத்த மதிப்பெண்.

சம்பளச் சீட்டு தபாலில் வந்த அன்று
அம்மா அதை என் தட்டுக்கு இடப்பக்கம் வைத்தாள்,
முட்கரண்டி வைப்பதுபோல.
சாப்பிட்டு முடிக்கும் வரை இருவரும் பேசவில்லை.
பிறகு நிறையப் பேசினோம்.
அது இந்தக் கவிதையில் இல்லை.

*

திரும்பிப் போன முதல் நாள்
அடையாள அட்டைக்கு நூலகக் கதவு சிவப்புக் காட்டியது.
துடைத்து மறுபடி வைத்தேன். சிவப்பு.
பின்னால் வந்த பையன் தன் அட்டையை நீட்டித் திறந்துவிட்டான்,
ஒரு வார்த்தை கேட்காமல்.

கால்குலஸ் வகுப்பில் அதே லடூசர்,
அதே பச்சை ஸ்வெட்டர்.
அவரிடம் சொல்ல மன்னிப்பு ஒன்றை
கோடை முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன்.
நிமிர்ந்து பார்த்து, "புதுசா?" என்றார்.
ஒரு வருடமாய் என்னைத் தின்ற அவமானம்
அவர் பதிவேட்டில் ஒரு வரியாகக்கூட மிச்சமில்லை.
நிம்மதியா, கோபமா, தெரியவில்லை.
"இல்லை" என்றேன். "இரண்டாம் தடவை."
"நல்லது. அப்படியென்றால் எங்கே திணறுவாய் என்று உனக்குத் தெரியும்."
கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நவம்பரில் முதல் பனி.
மேற்கு வாசலில் ஆர்லோ குனிந்து நின்றான்,
புது ஆள் ஒருத்தனுக்கு எதையோ காட்டியபடி.
பையும் நானுமாய் வருவதைப் பார்த்து
என் காலடியில் ஒரு கை உப்பை விசிறினான்,
கோழிக்குத் தீனி போடுவதுபோல.
"மேலே போ, மேடம்."
மணி முழுக்க மேஜைக்கடியில்
என் காலணி நறநறத்தது.

இன்று செவ்வாய்.
நாலு மணிக்கே முழிப்பு; உடம்பு இன்னும் மறக்கவில்லை.
வெளியே கலப்பை வண்டி
தெருவை உரசிக்கொண்டு போகிறது.
ஏழாவது கணக்கு வரவில்லை.
எட்டாவதைப் பார்க்கிறேன்.